ஈரத்துக்குக் கழித்த இருபது கிராம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். நான் அதுதான். பெல்மதுளையில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, அந்த பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே நடந்தால் எங்கள் டிவிஷன் வரும். பதினேழு வருடமாக அங்கே மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இந்த வேலையில் இருப்பவனை யாருக்கும் பிடிக்காது. அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. கலியாண வீட்டில் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும், காலை நீட்டி உட்காரலாம்.

பிடிக்காததற்குக் காரணம் கழிவு. ஒரு பெண் சாக்கைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவாள். தராசு பத்து கிலோ என்று காட்டும். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு, ஆக ஏழு என்று எழுதுவேன், ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மழை நாளானாலும் இரண்டு, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளானாலும் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். கழிக்காவிட்டால் நம் நிறுவை பெக்டரி நிறுவையோடு இடிக்கும், லெட்டர் வரும், வேலை போகும். பெக்டரி நிறுவை எவ்வளவு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. "மேல காஞ்ச மாதிரித்தான் தெரியும், உள்ள தண்ணி நிக்கும்" என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லிக் கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். என் மனைவியும் கொழுந்து எடுக்கிறவள்தான். அவளும் என் தராசில்தான் நிறுக்கிறாள், அவளுக்கும் இரண்டு கழிப்பேன். வீட்டில் சோறு போடும்போது கரண்டியில் பாதியைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிட்டு, "ஈரத்துக்கு" என்பாள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நாற்பத்துமூன்று வயதில் விமானம் கட்டும் ஆசை வந்தது. எல்லாம் போன் செய்த வேலை. மழைக்கு வேலை நின்ற ஒரு மத்தியானம் ஒரு வீடியோ பார்த்தேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஒரு மலையில் நின்று, எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றைக் கையால் எறிகிறான். அவன் கையில் ரேடியோப் பெட்டி ஒன்று இருக்கிறது. விமானம் அரை மணி நேரம் கீழே இறங்கவே இல்லை. மலையில் மோதி மேலே ஏறுகிற காற்று அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறதாம். அந்த மலையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஏழாம் நம்பர் மலைக்கு முன்னால் அதெல்லாம் ஒரு மலையா? கீழே றப்பர் காட்டில் மோதுகிற காற்று ஏழாம் நம்பரில் நாள் முழுவதும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். பதினோரு மணிவாக்கில் ஒரு பருந்து வந்து, இறக்கையை அசைக்காமல் சும்மா நிற்கும். நின்று நிறுக்கிறவனுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

பிளானை போனில் இறக்கிக்கொண்டு பெல்மதுளையில் பிரிண்ட் போடும் கடைக்குப் போனேன். இருபத்துநான்கு தாள் வந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "மே கெதரகடத மஹத்தயா?" என்றார். வீட்டுப் பிளானா என்று சிங்களத்தில் கேட்கிறார். "நே, ப்ளேன் எகக்", இல்லை, ஒரு விமானம் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், தாளை ஒரு முறை பார்த்தார், அதற்குப் பிறகு மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

வீடியோவில் அவர்கள் பால்சா என்று ஒரு மரம் சொல்கிறார்கள். அதற்கு நான் எங்கே போவது? குருவிட்டப் பக்கம் ஒரு மர ஆலையில் லுணுமிதெல்ல கிடைத்தது. வீடுகளுக்கு சீலிங் அடிக்கிற மரம். கையில் எடுத்தால் எடுத்தது மாதிரியே தெரியாது. அதை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து வாங்கி வந்தேன். இறக்கையின் குறுக்கே வைக்கிற விலா எலும்புகள் மட்டும் இருபத்திரண்டு. எல்லாவற்றையும் பிளேடால் அறுத்தேன். என் விரலையும் இரண்டு முறை அறுத்தேன்.

இறக்கை கோணாமல் வர வேண்டுமென்றால் அதைச் சமமான பலகையில் குத்தி வைத்து ஒட்ட வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சமமான பலகை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படுக்கையறைக் கதவு. அதைக் கழற்றி இரண்டு ஸ்டூலில் வைத்தேன். மனைவி வாசலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டாள். ஐந்து வாரம் நாங்கள் சேலைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கதவுக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். "பறக்கப் போகுது" என்று அவள் சொன்னாள்.

கொழும்பில் வேலை செய்கிற என் மைத்துனன், யாரிடமோ பழசாகக் கிடைத்த ரேடியோப் பெட்டியையும் தீப்பெட்டி அளவு மோட்டார் இரண்டையும் பஸ்ஸில் போட்டுவிட்டான். பெட்டியில் இருக்கிற குச்சியைத் தள்ளினால் விமானத்தின் வாலில் உள்ள பலகை மேலே கீழே போகும், பக்கத்துக்குப் போகும். அவ்வளவுதான் வித்தை. முதல் நாள் இரவு சாப்பிடாமல் குச்சியை ஆட்டி ஆட்டி வால் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாயும் அப்பிடித்தான் ஆட்டும், அதுக்கு பெட்டி தேவயில்ல" என்று மனைவி தூங்கப் போனாள்.

சங்கதி மடுவத்துக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? கதவைக் கழற்றிய மறுநாளே தெரிந்துவிட்டது. எங்கள் டிவிஷனில் மாதர் சங்கத் தலைவி ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தாமலே எல்லாருக்கும் கேட்கும். அந்த மாதம் அவருக்கு முழங்கால் வலி. மலையில் ஏறி இறங்க முடியாமல் கொழுந்து குறைந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் பதினெட்டு கிலோ சேர்ந்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், சேராவிட்டால் அரைப்பேர். அதாவது நாள் முழுவதும் மலையில் நின்றும் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் ஆகும். அவருக்கு அந்த மாதம் ஐந்து அரைப்பேர் விழுந்திருந்தது. ஐந்தும் ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்து விழுந்தவை. என் பேனாதான் அவற்றை எழுதியது.

அவர் சாக்கை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஏன் ஐயா, அந்த பிளேன் நெசமாவே பறக்குமா?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்ததும் பிடிக்கவில்லை. "ஏழாம் நம்பர் உச்சியில விட்டா கோயிலத் தாண்டி கிரவுண்டுல எறங்கும்" என்றேன்.

"எறங்காட்டி?"

"எறங்காட்டி என்னா செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

  யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நா. ஒரே ஒரு நா. தராசு காட்டுறத அப்பிடியே எழுதணும். சாக்குக்குக் கழிச்சிக்கங்க. ஈரத்துக்குக் கழிக்கக் கூடாது. போயா லீவு அன்னைக்கி பிளேன் கிரவுண்டுல எறங்கிருச்சுன்னா அதுக்கப்பறம் கழிவப் பத்தி நாங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்."

 வரிசையில் மூன்றாவதாக நின்ற என் மனைவி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நான் "சரி, ஆனா கழிக்காம எழுதுற நா மழ இல்லாத நாளா இருக்கணும்" என்றேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. டிவிஷன் முழுக்க ஒரு நாள் கழிக்காமல் விட்டால் நூறு கிலோவுக்கு மேல் இடிக்கும் என்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் மனக்கணக்குப் போட்டேன். அவ்வளவுக்கு லெட்டர் வந்தால் அதற்குப் பதில் எழுதக்கூட எனக்குத் தெரியாது. ஆகவே விமானம் பறந்தே ஆக வேண்டும். அன்றிலிருந்து அது விளையாட்டாக இல்லை.

மிச்சம் இருந்தது இறக்கையையும் வாலையும் மூடும் வேலை. பட்டம் கட்டுகிற மெல்லிய தாளை ஒட்டி, மேலே பைண்டர் கம்மில் தண்ணீர் கலந்து பூச வேண்டும். காயும்போது தாள் இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடும். எந்நேரமும் மழை பெய்கிற எங்கள் இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு சட்டை காய்வதற்கே சாமிக்கு நேர்ந்துகொள்ள வேண்டும். தாள் எங்கே காய்வது? வாலை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் கழித்து எடுத்துக்கொண்டு போய் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருக்கும் கடையின் சின்னத் தராசில் வைத்தேன். வால் நாற்பத்தைந்து கிராமுக்கு மேலே போகக் கூடாது என்று பிளான் சொல்கிறது. தராசு அறுபத்திரண்டு என்றது.

நான் துளியும் கலங்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, நாற்பத்திரண்டு என்று எழுதினேன். இருபது ஈரத்துக்கு.

எழுதும்போது மனம் உறுத்தியதா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லை. பதினேழு வருடப் பழக்கம், கை அதுவாகவே செய்தது. அந்த நாற்பத்திரண்டுக்குக் கணக்குப் பார்த்துத்தான் மூக்குக்குள் ஈயம் வைத்து ஒட்டினேன். வால் எவ்வளவு பாரமோ அதற்கேற்ப மூக்கிலும் பாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் காற்றில் நிமிர்ந்துகொள்ளும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வீடியோ பார்த்திருந்தேன்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக்கு முதல் நாள் சாயந்தரம் எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கீழே போனது.

"வால் பாரமா இருக்குங்க" என்றாள் மனைவி.

"ஈரம். காஞ்சா சரியாயிரும்."

அவள் வாலைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சிதான் போயிருக்கு. அப்பளம் மாதிரி சத்தம் கேக்குது."

"மேல காஞ்ச மாதிரித்தான் தெரியும், உள்ள தண்ணி நிக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மடுவத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். பழகியதால் கண்டுகொள்ளவில்லை.

போயா அன்று ஏழாம் நம்பர் உச்சியில் திருவிழாக் கூட்டம். கைக்குழந்தைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரோ கடலை விற்றார்கள். தலைவி முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலோடு அவர் அவ்வளவு தூரம் ஏறி வந்ததைப் பார்த்ததும் எனக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. எறிகிற வேலை மனைவிக்கு. கொழுந்துச் சாக்கைத் தூக்கி லொறியில் போடுகிற கை அவளுடையது, என்னுடையது பேனா பிடிக்கிற கை. காற்று முகத்தில் அடித்தது. "எறி" என்றேன். எறிந்தாள்.

விமானம் பத்தடி போனது. மூக்கை மேலே தூக்கியது. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றது. கூட்டம் "ஓ" என்றது. பிறகு வால் கீழாகச் சறுக்கி, தலைகுப்புறப் பாய்ந்து, திரும்பவும் மூக்கைத் தூக்கி, திரும்பவும் நின்றது. நான் குச்சியை உடைகிற அளவுக்குத் தள்ளினேன். அது எனக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. மூன்றாவது பாய்ச்சலில் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் வடிகால் கானுக்குள் போய் விழுந்தது. எல்லாம் சேர்த்து எட்டு வினாடி இருக்கும். கோயில் ரொம்பக் கீழே, ரொம்பத் தூரத்தில் இருந்தது.

சிரித்தார்கள் என்றால் அப்படிச் சிரித்தார்கள். பதினேழு வருடத்துக் கோபமெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. கல்லிலிருந்து மெதுவாக எழுந்து, "மழ இல்லாத நாள்னு சொன்னீங்க, அப்பிடியே வச்சிக்குவம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வால் மூன்று துண்டாகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் எறிந்தேன். கோபம் தணிய ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு லயத்துக் கடைக்கு ஓடினேன். இருபது கிராம் ஈரத்தில் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வற்றியது போதாமல்தான் விழுந்தது, என் மேல் தப்பில்லை என்று ஊருக்குச் சொல்லலாம் அல்லவா? மூன்று துண்டையும் தராசில் அடுக்கினேன். அறுபத்திரண்டு.

எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அறுபத்திரண்டேதான். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதில் தண்ணீர் என்று ஒன்று இருக்கவே இல்லை. நான் கழித்த இருபது கிராமும் முழுக்க முழுக்க மரம்.

கடைக்காரர் "என்னா ஐயா, தராசு பெழயா?" என்றார். நான் மூன்று துண்டையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மூன்று நாளும் மழை. என் வாழ்க்கையில் மழையை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. காலையில் கண் விழித்ததும் தகரத்தில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன், கேட்டால் நிம்மதியாகப் புரண்டு படுப்பேன். சாயந்தரங்களில் வாலை ஒட்டினேன், மரத்தைச் சீவிச் சீவி இளைக்க வைத்தேன். விரலில் தூக்கிப் பார்த்தபடியே மூக்கில் ஈயம் சேர்த்தேன். சமமாக நிற்கும்வரை சேர்த்தேன். இந்த முறை நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. நானும் மனைவியும் மட்டும் ஏழாம் நம்பருக்குப் போனோம். அவள் எறிந்தாள். விமானம் நேராகப் போனது. நிமிரவில்லை, குனியவில்லை, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கீழிருந்து வந்த காற்று அதன் வயிற்றில் பட்டது போல, மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. குச்சியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினேன். திரும்பியது. நான் சொன்னதை ஒன்று கேட்டு நடக்கிறது என்பது எனக்குப் புது அனுபவம். பட்டத்தாளுக்குள் வெயில் பாய்ந்து இருபத்திரண்டு விலா எலும்பும் தெரிந்தன. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"குடுங்க" என்று மனைவி பெட்டியை வாங்கினாள். இரண்டு நிமிடத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் குச்சியை முறைத்துப் பிடித்திருந்தேன், அவள் இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு விட்டாள். பருந்து வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டாத சகவாசம் என்று போய்விட்டது. அவள் விமானத்தை மலையின் விளிம்பைத் தாண்டி விட்டாள். கோயில் கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட வைத்து, கிரவுண்டின் நடுவில் கொண்டுபோய் இறக்கினாள். அது புல்லில் சறுக்கி நின்றது. பக்கத்தில் ஒரு மாடு நின்றது, வேறு யாரும் இல்லை.

நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவியின் வீட்டுக்கு ஓடினேன். அவர் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "கிரவுண்டுல எறங்கிருச்சு" என்றேன் மூச்சு வாங்க.

"நாங்க பாக்கலியே ஐயா" என்றார். "பறந்துருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பந்தயம் போயா அன்னைக்கி." விமானத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது தகரத்தில் சத்தமே இல்லை. பளிச்சென்று வெயில். முதல் நிறுவைக்குப் பெண்கள் வந்தார்கள். தலைவி சாக்கை மாட்டிவிட்டு நகராமல் நின்றார். தராசு காட்டியதில் சாக்குக்கு ஒன்றைக் கழித்தேன். கை இன்னும் இரண்டு கழிக்கப் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக அதை நிறுத்தி, அப்படியே எழுதினேன். அன்று மத்தியானமும் சாயந்தரமும் அப்படித்தான் எழுதினேன். அன்றைக்கு டிவிஷனில் ஒருவருக்கும் அரைப்பேர் விழவில்லை. தலைவிக்கு இருபது கிலோ. வழக்கம்போல் கழித்திருந்தால் பதினான்கு.

லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போனதும் வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லெட்டருக்கு என்ன பதில் எழுதுவது, யாரை எழுதச் சொல்வது, வேலை போனால் பிரிண்ட் கடைக்காரர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்றெல்லாம் யோசித்தேன். தேநீர் ஆறிப்போனது. ஏழு மணிக்குப் போன் அடித்தது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா.

"இன்னைக்கி ஒங்க நிறுவையில என்னமோ கொழப்பம் இருக்கு" என்றார்.

"எவ்வளவு இடிக்குதுங்க?"

"இடிக்கல்ல. அதான் கேக்குறேன். எந்த நாளும் ஒங்களுது கொறஞ்சுதான வரும்? இன்னைக்கி ரெண்டும் சமமா வந்துருக்கு. எங்க பெழ விட்டீங்க?"

 "எழுதுனது சரிதாங்க ஐயா" என்றேன்.

"சரின்னா எப்பிடி சமமா வரும்? நாளையிலருந்து ஒழுங்கா எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவிக்கும் கேட்டிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரவு முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. விமானம் விழுந்தபோது வந்தது வேறு, இது வேறு.

மறுநாளும் வெயில்தான். தலைவி முதலாவதாக நின்றார். "பெக்டரியில என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், தராசுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் சொல்லிவிட்டேன். "ரெண்டு நிறுவையும் சமமா வந்துச்சாம்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்கு அதைச் சொல்லிக்கொண்டு போகிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

தலைவி சாக்கை மாட்டினார். எட்டு. சாக்குக்கு ஒன்று. அப்புறம் லெட்டரை நினைத்தேன், அவருடைய முழங்காலை நினைத்தேன், ஈரத்துக்கு ஒன்று மட்டும் கழித்து ஆறு என்று எழுதினேன். என் வீரம் அவ்வளவுதான் இருந்தது.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "ரெண்டு இல்லியா?"

"ஒண்ணுதான்."

"சரி" என்றார். சாக்கைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "அந்த ஒண்ணு எதுக்கு ஐயா?"

அவருக்குப் பின்னால் முப்பது பேர் சாக்கோடு நின்றார்கள். மூன்றாவதாக என் மனைவி. எல்லாரும் என் பதிலுக்காக நின்றார்கள். நான் அடுத்த சாக்கை மாட்டச் சொன்னேன்.